மனச்சோர்வுக்கு வலி மாத்திரை போதுமா? ஐந்து வழிகளின் ஒப்பீடு

சம்பா நடவு முடிந்த வாரங்களில் எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே படியேறுவார்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்படி ஒரு மாலையில் வந்த 46 வயது அம்மா ஒருவர், சுருக்குப் பையைத் திறந்து, வெற்றிலைக்கும் கொட்டைப்பாக்குக்கும் நடுவிலிருந்து ஒரு துண்டு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்தின் பெயர் இருக்க வேண்டிய பக்கம் கத்தரிக்கப்பட்டிருந்தது. பின்புறத் தாளில் எஞ்சியிருந்த நான்கைந்து எழுத்துகளை வைத்துத்தான் அது டிரமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை என்று கண்டுகொண்டேன்.

"தம்பி, இதப் போட்டா வலி மட்டும் இல்ல, மனசும் லேசாயிடுது. பெரியாஸ்பத்திரியில குடுத்த மாத்திரைய விட்டுட்டு இதையே போட்டுக்கட்டுமா?"

பெரியாஸ்பத்திரியில் கொடுத்தது ஃப்ளுவாக்செடின் என்னும் மனச்சோர்வு மாத்திரை. மூன்று வாரமாகச் சாப்பிட்டு வந்தார். மறுநாள், திருவாரூரில் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகன் வந்து, ஓபியாய்டு வகை (அபினைப்போல் வேலை செய்யும் வகை, டிரமடாலும் அதில் ஒன்று) மருந்து ஒன்று மனச்சோர்வைக் குறைப்பதாகச் சொல்லும் ஆய்வுச் செய்தியைக் கைப்பேசியில் காட்டினார். அம்மா கேட்டதும் மகன் கேட்டதும் ஒரே கேள்விதான். அது அறியாமையில் பிறந்த கேள்வி அன்று. மருந்தியல் ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி. ஆனாலும் ஆய்வகம் கண்ட விடை வேறு, அந்தத் துண்டு அட்டைக்குள் இருப்பது வேறு. வலியும் மனச்சோர்வும் சேர்ந்தே இருக்கும் ஒருவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது மனிதர்களிடம் கிடைத்த ஆதாரம். எலிகளிடம் கிடைத்தது இரண்டாம்பட்சம். அடுத்தது, தொடங்கிய மருந்தை நிறுத்தும்போது உடல் என்ன செய்யும் என்பது. தொடங்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, பிறகு இதுதான் பெரிய கேள்வியாகிறது. மூன்றாவது, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வலி மாத்திரைகளோடு மோதுமா என்பது. நான்காவது மறைமுகச் செலவு: மாத்திரை விலையைவிட, பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலி இழப்பும் இரத்தப் பரிசோதனையும் பல வீடுகளில் அதிகம். இவற்றோடு நம் பகுதிக்கென்று ஒன்றையும் சேர்க்கிறேன். விடியற்காலையில் வரப்பில் நடந்து, வெயிலில் குனிந்து வேலை செய்யும் உடலுக்கு அந்த மருந்து ஒத்துவருமா?

ஒரு சொல் விளக்கம் தேவை. பேச்சில் "மன அழுத்தம்" என்று எல்லாவற்றையும் சொல்கிறோம். இங்கே பேசப்படுவது மனச்சோர்வு: இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் கெடுதல், தன்னைத்தானே வீண் என்று எண்ணுதல். வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பதால் உண்டாகும் கவலை இதிலிருந்து வேறு, இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம் என்றாலும்.

## மகன் காட்டிய ஆய்வு உண்மையில் சொல்வது

கசகசாச் செடியின் பாலிலிருந்து எடுப்பது அபின். அதன் வழிவந்த மருந்துகளும் அதைப்போல் வேலை செய்யும் செயற்கை மருந்துகளும்தான் ஓபியாய்டுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தீராத மனவாட்டத்துக்கு அபினைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பின் குறைக்கும் சிகிச்சையே நடைமுறையில் இருந்தது. ஆகவே யோசனை புதிதன்று. மூளையில் எந்தப் பூட்டை எந்தச் சாவி திறக்கிறது என்ற விளக்கம்தான் புதிது.

அந்தப் பூட்டுகளில் இரண்டு இங்கே முக்கியம். மியூ ஏற்பி தூண்டப்பட்டால் வலி குறையும், சுகம் தோன்றும், மூச்சு மந்தப்படும், நாளடைவில் அடிமைத்தனமும் வரும். கப்பா ஏற்பி இதற்கு எதிரானது. தொடர்ந்த மன உளைச்சலின்போது மூளையே சுரக்கும் டைனார்பின் என்னும் பொருள் இதைத் தூண்டுகிறது. அப்போது எதிலும் சுவை இல்லாமல் போகிறது. பியூப்ரினார்பின் என்னும் மருந்து மியூவை அரைகுறையாகத் தூண்டிக்கொண்டே கப்பாவை அடைத்துவிடுகிறது.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆய்வாளர் சாரா பெய்லி, ஸ்டீபன் ஹஸ்பண்ட்ஸ் முதலியோருடன் சேர்ந்து செய்த பணி இதை மையமாகக் கொண்டது. 2015-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், பியூப்ரினார்பினோடு நால்ட்ரெக்சோனையும் சேர்த்துச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். நால்ட்ரெக்சோன் மியூவை அடைப்பது. சுகம் தரும் பூட்டை மூடிவிட்டு, கப்பாவை அடைக்கும் பயனை மட்டும் மிச்சம் வைக்க முடியுமா என்பதே சோதனை. தண்ணீரில் விடப்பட்ட எலி நீந்தாமல் அசைவற்று மிதக்கும் நேரம் குறைந்தது. மருந்து கிடைத்த அறையை எலிகள் நாடிப் போகவுமில்லை, வெறுத்து ஒதுங்கவுமில்லை. அதாவது மனச்சோர்வு எதிர்ப்பின் சாயல் தெரிந்தது, போதையின் சாயல் தெரியவில்லை.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் அந்த மகனுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்த ஆய்வு எந்தக் கதவை மூட முயன்றதோ, அவர் அம்மாவின் மாத்திரை அதே கதவைத்தான் திறக்கிறது. டிரமடால் கல்லீரலில் மாற்றமடைந்து மியூவைத் தூண்டுகிறது. அதோடு செரடோனின், நாரட்ரினலின் என்னும் மூளை வேதிப்பொருள்களின் மறு உறிஞ்சலையும் தடுத்து அவற்றை உயர்த்துகிறது. மனம் "லேசாவது" இந்த இரண்டின் கூட்டு. அது பொய்யான உணர்வு இல்லை, ஆனால் கப்பா ஆய்வு பேசும் பயனும் இல்லை.

## முதல் வழி: ஓபியாய்டு

மனிதர்களிடம் கிடைத்த ஆதாரம் தொடக்கத்தில் நம்பிக்கை தந்தது. 1995-இல் அமெரிக்காவில் பாட்கின் குழுவினர், வேறு எதற்கும் அடங்காத மனச்சோர்வு கொண்ட 10 பேருக்குப் பியூப்ரினார்பின் கொடுத்துப் பார்த்தார்கள். மூவரால் மருந்தைத் தாங்க முடியவில்லை, மீதி எழுவரில் பெரும்பாலோர் தேறினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு முயற்சி அது. 2016-இல் இஸ்ரேலில் யோவெல் குழுவினர், கடுமையான தற்கொலை எண்ணம் கொண்டவர்களுக்கு நான்கு வாரம் மட்டும், சராசரியாக நாளொன்றுக்கு 0.44 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்களுக்கு அந்த எண்ணம் குறைந்தது. போதைப் பழக்கம் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை.

பிறகு வந்தது பெரிய தேர்வு. பியூப்ரினார்பினோடு, மியூவை அடைக்கும் சாமிடார்பனைச் சேர்த்து ஏஎல்கேஎஸ் 5461 என்ற கூட்டு மருந்து உருவாக்கப்பட்டது. பாத் ஆய்வின் அதே தர்க்கம். 2018 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, பலன் அபாயத்தை விஞ்சுவதாகக் காட்டப்படவில்லை என்று 21-க்கு 2 என வாக்களித்தது. 2019 பிப்ரவரியில் அனுமதி மறுக்கப்பட்டது. மியூவைத் தொடாமல் கப்பாவை மட்டும் அடைக்கும் அட்டிகாப்ரன்ட் என்ற மருந்தின் இறுதிக்கட்ட மனச்சோர்வுச் சோதனைகளும் பலன் போதவில்லை என்று 2025-இல் நிறுத்தப்பட்டன. எலி நீந்திய தூரத்தை மனிதர் இன்னும் நீந்தவில்லை.

கடையில் புழங்கும் டிரமடாலுக்கு இந்த அளவு ஆதாரமும் இல்லை, மறைமுகச் செலவோ மிக அதிகம். அந்த அம்மாவின் நிலையையே எடுத்துக்கொள்ளலாம். ஃப்ளுவாக்செடின், டிரமடாலை வலி நிவாரணியாக மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கிறது. ஆகவே வலி பாதிதான் அடங்கும். "கேக்கல தம்பி" என்று இரண்டாவது மாத்திரை போடுவார்கள். செரடோனின் மட்டும் இரு பக்கமிருந்தும் ஏறும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை செரடோனின் மிகுதியின் அடையாளங்கள். முற்றினால் உயிருக்கு ஆபத்து. வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. நடவு வயலில் வியர்வையும் படபடப்பும் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்பது தனிக் கவலை. சர்க்கரை நோயாளிகளுக்கு டிரமடால் இரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடுவதும் உண்டு.

நீண்ட நாள் பயன்பாடு வேறு திசையில் இழுக்கிறது. அமெரிக்காவில் ஷெர்ரர் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஓபியாய்டை 30 நாளுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் புதிதாக மனச்சோர்வு தோன்றும் வாய்ப்பு அதிகரித்தது; அளவைவிடக் கால நீளமே அதனோடு தொடர்புகொண்டிருந்தது. முதல் மாதம் மனத்தை லேசாக்கிய மாத்திரை ஆறாம் மாதம் அதைக் கனக்கச் செய்யக்கூடும்.

சட்டச் சிக்கலும் உண்டு. 2018 ஏப்ரல் முதல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். ஒரு கடையில் மறுத்தால் அடுத்த ஊர்க் கடை, அங்கும் மறுத்தால் டபென்டடால் என்னும் இன்னொரு ஓபியாய்டு, பிறகு பெயர் தெரியாத "செட்" மாத்திரை என்று அலைவதும் செலவுதான்.

இந்த வழி பொருந்தும் இடங்கள் உண்டு. புற்றுநோய் வலிக்கும், அறுவைக்குப் பிந்தைய கடும் வலிக்குச் சில நாள்களுக்கும், ஓபியாய்டுக்கு அடிமையானவர்களை மீட்கும் சிகிச்சையில் பியூப்ரினார்பினாகவும் ஓபியாய்டு மிகத் தேவையானது. அங்கே பயந்து மறுப்பதுதான் கொடுமை. மனச்சோர்வுக்கு மட்டும் என்றால், மேற்பார்வையுள்ள ஆய்வுக்கு வெளியே நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வாரக்கணக்கில் சாப்பிட்டு வருபவர் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. டிரமடாலை நிறுத்தினால் உடல்வலி, மூக்கொழுகல், தூக்கமின்மை மட்டுமல்லாமல் பதற்றமும் குழப்பமும்கூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

## இரண்டாம் வழி: இருக்கிற மாத்திரையை முறையாகத் தொடர்தல்

ஃப்ளுவாக்செடின், செர்ட்ராலின், எஸ்சிடலோப்ராம் வகை மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கின்றன, வெளியிலும் மலிவு. இவற்றின் குறை நேரம். குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் வர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் "வயித்தப் பொரட்டுது, ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நம் அம்மா மூன்றாம் வாரத்தில் நின்றார். தீர்ப்புச் சொல்லும் நேரம் அதுவன்று.

அதே சமயம் இவற்றைப் புகழ்ந்துரைக்கவும் முடியாது. 2006-இல் வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்தில் முழுமையாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டாம் படியில், மருந்தை மாற்றியோ இன்னொன்றைச் சேர்த்தோ தேறியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மூன்றாம், நான்காம் படிகளில் அந்த வாய்ப்பு அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. பல படிகளுக்குப் பிறகு எட்டியதாகச் சொல்லப்பட்ட மொத்த வெற்றிக் கணக்கைப் பிந்தைய மறு ஆய்வு கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கியது. ஆனாலும் ஒரு மருந்து பலிக்காவிட்டால் இன்னொன்று பலிக்கக்கூடும் என்பது நடைமுறையில் காண்பதே.

மறைமுகச் செலவு இரண்டு. முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டம், குழப்பம் வரலாம். இந்த மாத்திரையோடு டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையோ ஊசியோ சேர்ந்தால் வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

பலன் போதாதபோது மருத்துவர் லித்தியத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதும் உண்டு. நல்ல ஆதாரமுள்ள மருந்துதான், ஆனால் நம் நிலத்துக்கு ஓர் எச்சரிக்கை: வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறினால் இரத்தத்தில் லித்தியம் ஏறும்; டைக்ளோஃபெனாக்கும் அதை ஏற்றும். சித்திரை வெயிலில் களத்தில் நின்றுவிட்டு, சாயங்காலம் வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கொள்ளும் வழக்கம் உள்ளவருக்கு அது நஞ்சாகும் அளவை எட்டக்கூடும். இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகக்கூடியவருக்கே அது உகந்தது.

வலி இரண்டாம்பட்சமாகவும் மனச்சோர்வு முதன்மையாகவும் இருப்பவருக்கு, பொறுமையாக ஆறு வாரம் தரக்கூடியவருக்கு, இந்த வழி நல்லது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும்.

## மூன்றாம் வழி: வலிக்கும் மனத்துக்கும் ஒரே மருந்து

அந்த அம்மாவுக்கு டிரமடாலில் பிடித்தது எதுவோ, அதில் அடிமைப்படுத்தாத பகுதியை மட்டும் தருவது டுலாக்செடின். செரடோனின், நாரட்ரினலின் இரண்டையும் உயர்த்தும், மியூவைத் தொடாது. மனச்சோர்வுக்கும் நாள்பட்ட இடுப்பு வலிக்கும் சர்க்கரையால் வரும் நரம்பெரிச்சலுக்கும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. குமட்டல், வாய் வறட்சி, சிறிது இரத்தக் கொதிப்பு உயர்வு ஆகியவை வரலாம். கல்லீரல் கெட்டவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் கூடாது. இதையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றும். டிரமடாலோடு சேர்த்துச் சாப்பிட்டால் முன்சொன்ன அதே மோதல்தான்.

பழைய மருந்தான அமிட்ரிப்டிலின் மிக மலிவு. வலிக்கு 10, 25 மில்லிகிராமே போதும்; மனச்சோர்வுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். "மன மாத்திரை குடுத்துட்டாங்க" என்று 10 மில்லிகிராம் சீட்டைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. அது பெரும்பாலும் நரம்பு வலிக்கு எழுதியது. ஐந்து மணிக்கு எழுந்து வயலுக்குப் போகிறவருக்கு இதன் காலை மந்தம் பெரிய இடையூறு. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும் என்பதால், விரக்தியில் இருப்பவர் வீட்டில் முழு மாத அட்டையும் அவர் கையில் இருப்பதைவிட வேறொருவரிடம் இருப்பது நல்லது. பூச்சிமருந்து டப்பாவுக்கும் இதே விதி.

என் கணிப்பில், நீண்ட நாள் வலியும் மனச்சோர்வும் சமமாக இருப்பவருக்கு முதலில் யோசிக்க வேண்டிய மருந்து டுலாக்செடின். இதை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

## நான்காம் வழி: பேச்சும் உடற்பயிற்சியும்

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று ஆறிலிருந்து எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். நோயாளி எதை விட்டுவிட்டாரோ அதைச் சிறு சிறு செயல்களாகத் திரும்பத் தொடங்கவைப்பது அதன் சாரம். மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 சதவீதத்தினரும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினரும் தேறினார்கள். நம் நாட்டில், எளிய மனிதர்களிடம் கிடைத்த ஆதாரம் என்பதால் இதற்கு நான் கூடுதல் மதிப்புத் தருகிறேன். நிறுத்தும்போது உடலில் எந்த எதிர்வினையும் இல்லை என்பதும் இதன் சிறப்பு.

செலவு கூலியில் விழும். எட்டு முறை தஞ்சாவூருக்குப் போய்வர எட்டு நாள் வேலை போகும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம் என்பது அதை ஓரளவு குறைக்கிறது. இடுப்பு வலிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வருகிறது. அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே வேலையற்ற மாதங்களில் மனம் மேலும் சரிகிறது; அப்போது தொடங்குவது பொருத்தம்.

திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைப்பதையும் பல குடும்பங்கள் ஒரு வழியாக எண்ணுகின்றன. அதை நான் எதிர்ப்பதில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

## ஐந்தாம் வழி: மின்னதிர்வும் கெட்டமினும்

சாப்பிட மறுப்பவர், பேச்சை நிறுத்திவிட்டவர், உயிரை விடும் எண்ணத்தில் இருப்பவர் ஆகியோருக்கு மேற்சொன்ன எதுவும் போதிய வேகத்தில் வேலை செய்யாது. "கரன்ட் வைப்பது" என்று அஞ்சப்படும் மின்னதிர்வுச் சிகிச்சை இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் செய்யக் கூடாது என்பது 2017 மனநலச் சட்டத்தின் விதி. தற்காலிக மறதி உண்டு. 2023-இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டில், மனப்பிறழ்வு கலக்காத, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வில், மயக்க மருந்தாகப் பயன்படும் கெட்டமினுக்கு 55.4 சதவீதமும் மின்னதிர்வுக்கு 41.2 சதவீதமும் பலன் கண்டார்கள். அதற்கு முந்தைய சுவீடன் ஆய்வில் மின்னதிர்வே முந்தியது.

கெட்டமின் நம் கேள்விக்கே திரும்ப வருகிறது. 2018-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், கெட்டமினுக்கு முன் நால்ட்ரெக்சோன் கொடுத்தபோது அதன் மனச்சோர்வு எதிர்ப்பு விளைவு மங்கியதைக் கண்டார்கள். இரு முறைகளையும் முடித்தவர்கள் 12 பேரே. ஓபியாய்டு அமைப்பின் துணையில்லாமல் கெட்டமின் வேலை செய்யாதோ என்ற விவாதம் அதிலிருந்து தொடங்கி இன்னும் முடியவில்லை.

## அந்த அம்மாவுக்கு எது?

மூன்றும் நான்கும் சேர்ந்த வழியே அவருக்குப் பொருத்தம் என்று எனக்குப் பட்டது. ஆனால் ஃப்ளுவாக்செடின் உடலிலிருந்து வெளியேறப் பல வாரம் ஆகும். டிரமடாலைக் குறைப்பது, டுலாக்செடினைத் தொடங்குவது இவற்றின் வரிசையை முடிவுசெய்வது கடைக்காரரின் வேலையன்று. இரண்டு மாத்திரைகளும் ஒன்றாக உள்ளே போகின்றன என்பது அவருடைய மருத்துவருக்குத் தெரியவே இல்லை. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு தாளில் இரண்டின் பெயர், அளவு, எத்தனை நாளாக என்பதை எழுதிக் கொடுத்து, நடுக்கமோ வலிப்போ காய்ச்சலோ வந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லி அனுப்பினேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டு எண்ணெய், லேகியம், "செட்" மாத்திரை எதையும் விடாதீர்கள். அட்டையைக் கத்தரித்து விற்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. நான்கு மாத்திரைதான் வாங்கினாலும் அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.